பெரியவள் சொன்ன "முடியாது"

போன வாரம் பெரியவளைக் கத்தரிக்கோலும் கையுமாகக் கடையில் உட்கார வைத்துவிட்டு வந்தோம். புது டைரக்டரிடம் போனில் "முடியாது" என்று சொல்லிவிட்டு, அவர் மறுபடி கூப்பிடக் காத்திருந்தாள். இன்னும் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறாள். போன்தான் வரவில்லை.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரியவளும் அவள் தங்கை சின்னவளும் துணி வியாபாரி வீட்டில் பிறந்தவர்கள். அந்த வீட்டில் குழந்தைகள் "அம்மா" சொல்லப் பழகும் முன்பே "கட்டுப்படியாகாது" சொல்லப் பழகிவிடும். எதைக் கேட்டாலும் முதல் பதில் மறுப்புத்தான். மறுத்தால் எதிராளி ஒரு படி ஏறுவான், நாம் ஒரு படி இறங்கலாம், நடுப்படியில் கை குலுக்கலாம்.

பெரியவளைப் பெண் கேட்டு வந்தபோதும் அவள் அப்பா "முடியாது" என்றுதான் ஆரம்பித்தார். பெண் கேட்டு வந்தவர் நடிகர். வீட்டு வழக்கம் தெரியாமல் கண் கலங்கிக் கிளம்பிவிட்டார். பிறகு அப்பாவே தெருமுனை வரை ஓடி, ஒரு செருப்பை வழியில் விட்டு, மாப்பிள்ளையைப் பிடித்து வந்தார். அந்தச் செருப்பு கடைசி வரை கிடைக்கவில்லை. பெரியவள் அந்தக் கதையிலிருந்து எந்தப் பாடமும் கற்கவில்லை.

அந்த நடிகருக்கு ஊரே வைத்த பெயர் ஜட்ஜ். நரைத்த மீசை, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரல், அவசரமில்லாத கண்ணிமை. எந்தப் படத்தில் வழக்கு நடந்தாலும் தீர்ப்புச் சொல்வது இவர்தான். தெருவில் இரண்டு பேர் சண்டை போட்டால்கூட இவரைப் பார்த்ததும் கொஞ்சம் சட்டம் பேசுவார்கள்.

பேட்டிகளில் நடிகர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கதையைக் கேட்டாராம், இரண்டு நாள் தூக்கம் வரவில்லையாம், உடனே ஒத்துக்கொண்டாராம். வீட்டுத் தவணையை நினைத்தாலும் தூக்கம் வராதுதான். அதைப் பேட்டியில் சொல்ல மாட்டார்கள். ஜட்ஜ் நேர்மையானவர். அவர் கேட்பது மூன்று கேள்விதான். நாற்காலியில் மெத்தை உண்டா? தலைக்கு மேல் மின்விசிறி உண்டா? மேஜைக்குக் கீழே வீட்டு அரைக்கால் சட்டையோடு உட்காரலாமா? மூன்றுக்கும் "ஆமாம்" என்றால் வேஷத்தை ஒத்துக்கொண்டுவிடுவார். தேதி, காசு, கார் எல்லாம் பெரியவள் பேரம் பேசிக்கொள்வாள்.

அப்படி நிம்மதியாகத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்த மனுஷரிடம்தான் அந்தப் புது டைரக்டர் வந்து, நாற்காலியே இல்லாத ஒரு வேஷத்தைச் சொன்னார்.

ஒரு கிழட்டுத் திருடன். தொழிலை விட்டுப் பல வருஷம். மகளுக்கு நல்ல இடம் அமைகிறது. சம்பந்தி வீட்டுக்குப் பேசப் போகிறான். வாசலில் கால் வைத்த பிறகுதான் தெரிகிறது, ஒரு காலத்தில் இவன் புகுந்து திருடிய வீடு அது. பேச்சுக்கு நடுவில் விளக்கு அணைகிறது. வீட்டுக்காரர்களே சுவரைத் தடவுகிறார்கள். இவன் கை மட்டும் பழக்கதோஷத்தில் நேராக அவசர விளக்கு இருக்கிற அலமாரிக்குப் போகிறது. விளக்கைப் போட்டுவிட்டுத் திரும்பினால், எல்லாரும் இவனையே பார்க்கிறார்கள். ஒரு வார்த்தை வசனம் கிடையாது.

கதையைச் சொல்லி, பக்கங்களையும் கொடுத்துவிட்டுப் போனார் டைரக்டர். ஜட்ஜ் தன் மூன்று கேள்வியைக்கூடக் கேட்கவில்லை. அன்றைக்குச் சாயந்திரமே பெரியவளுக்குப் போன் வந்தது. அவள் தாய்ப்பால் புத்திப்படி "அவரால முடியாதுங்க" என்று ஆரம்பித்து வைத்தாள். டைரக்டர் "சரிங்க மேடம், மன்னிச்சுக்குங்க" என்று வைத்துவிட்டார்.

கதை அங்கேதான் நின்றது. ஒரு வாரம் ஓடிவிட்டது.

இன்று காலை பெரியவள் மாடியில் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். கீழே அவள் நடத்துகிற திரைத்துணிக் கடை, மேலே வீடு. கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு மரப்படிக்கட்டு, அதில் மூன்றாவது படி யார் மிதித்தாலும் கிறீச்சென்று காட்டிக்கொடுத்துவிடும்.

"கூப்பிட்டானா?"

காதுக்குப் பின்னால் குரல். டீ பாதி கையில், பாதி தரையில்.

"ஏங்க, ஒரு இருமலாவது இருமிட்டு வரக்கூடாதா? படி சத்தமே கேக்கலையே."

"மூணாவது படியை விட்டுட்டு ஏறினேன்."

"எதுக்கு?"

"சும்மா."

ஒரு வாரமாக இந்தச் சும்மாதான். கதவு திறக்கிற சத்தம் இல்லை, நாற்காலி நகர்கிற சத்தம் இல்லை. நேற்று அலமாரியைத் திறந்து மருந்தை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார், எதிரிலேயே உட்கார்ந்து துணி மடித்த பெரியவளுக்குத் தெரியவில்லை. இவர் வேஷத்துக்கு இன்னும் சரி சொல்லவில்லை. கால் சொல்லிவிட்டது.

"வருவாங்க," என்றாள் தரையைத் துடைத்தபடி. "சரக்குப் பிடிச்சவன் தெருமுனை வரைக்கும் போவான், அப்புறம் திரும்பி வருவான். எங்க கடையில பாக்காததா?"

"ஒரு வாரமா நடக்கறானே. அந்தத் தெரு எவ்வளவு நீளம்?"

பெரியவள் துடைத்த துணியைப் பிழிந்தாள்.

"ஜட்ஜ் வேஷம் ஒண்ணு பேசி முடிச்சிட்டேன்ல," என்றாள், சமாதானத்துக்கு. "பழைய கம்பெனி. அடுத்த வாரம் ஷூட்டிங். நாற்காலிக்கு மெத்தை போடறாங்களாம். மீசையை மட்டும் அப்படியே வெச்சிருக்கச் சொன்னார் மேனேஜர்."

"ம்."

அந்த "ம்" அவளுக்குப் பிடிக்கவில்லை. வாங்க வந்தவர் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, விலை கேட்காமல் போகிறபோது போடுகிற "ம்" அது.

*

மதியத்துக்கு முன், ஜட்ஜ் கடையில் இருந்தபோது, சகலை வந்தார்.

சகலை என்றால் சின்னவள் புருஷன். அவரும் நடிகர், படங்களில் அடியாள். கதாநாயகர்கள் எத்தனையோ பேர் அவரைச் சுவரில் மோத விட்டுத்தான் முன்னுக்கு வந்தார்கள். நேரில் பார்த்தால் பூனைக்குக்கூட வழிவிடுகிற ஆள். முதுகில் பட்டை கட்டியிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர்.

"அண்ணே, ஒரு யோசனை கேக்கணும். நீங்கதான் தீர்ப்புச் சொல்லணும்."

"உட்காரு தம்பி. முதுகு எப்படி?"

"எத்தனை கண்ணாடி உடைச்சிருக்கு இது. டாக்டர் இனிமே விழக்கூடாதுங்கறார். எனக்கு வேற என்ன தெரியும்? கதை கேக்கும்போது நான் கேக்கறதே, 'இடைவேளைக்கு முன்னாடி சாகறேனா, பின்னாடியா'ன்னுதான். பின்னாடின்னா சரின்னுடுவேன்."

"அதுவும் ஒரு கணக்குதான்."

"இப்ப ஒரு வேஷம் வந்திருக்குண்ணே. யாருமே என்னை அடிக்கல. படம் முழுக்க உயிரோட இருக்கேன். எனக்குப் பயமா இருக்கு."

கவரிலிருந்து பக்கங்களை எடுத்து நீட்டினார். ஜட்ஜ் முதல் வரியைப் பார்த்தார். கிழட்டுத் திருடன், சம்பந்தி வீட்டு வாசல்.

கடையின் அந்தக் கோடியில் துணி வெட்டிக்கொண்டிருந்த கத்தரிக்கோல் நின்றது. பெரியவளுக்குக் காது கண்ணைவிடக் கூர்மை.

ஜட்ஜ் பக்கத்தைப் புரட்டினார். எல்லாம் மனப்பாடம். ஆனாலும் புரட்டினார், பொய் சொல்லக் கொஞ்சம் நேரம் வேண்டுமே.

"சின்ன வேஷமா இருக்கே," என்றார்.

"அப்படியா?"

"வசனம் கம்மி. அழுகாச்சி. உனக்கு எதுக்கு?"

சகலை உடனே பக்கங்களை மடித்தார். "நீங்க சொன்னா சரிண்ணே. வேண்டாம்னுடறேன்."

மேல் கேள்வி எதுவும் கேட்கவில்லை. கொஞ்சம் வாதாடியிருந்தால் ஜட்ஜ் தப்பித்திருப்பார். எடுத்த எடுப்பில் தீர்ப்பை ஒத்துக்கொள்கிற குற்றவாளியை எந்த ஜட்ஜால் தாங்க முடியும்?

"இரு," என்றார். "பொய் சொல்லிட்டேன். இது சின்ன வேஷம் இல்ல. இந்த மாதிரி ஒண்ணு என்கிட்ட இதுவரைக்கும் வந்ததில்ல. எடுத்துக்க."

"வந்ததில்லன்னா?"

"எழுந்திரு. காட்டறேன்."

கடை முழுக்க மேலிருந்து கீழாகத் திரைத்துணிகள் தொங்கின. ஜட்ஜ் நீலத்துணிக்கும் பழுப்புத்துணிக்கும் நடுவில் நுழைந்தார். "இப்ப விளக்குப் போயிடுச்சு," என்றார். அப்புறம் அவர் சத்தமே இல்லை. இத்தனை துணிக்கு நடுவில் ஒரு மனிதர் நடக்கிறார், ஒரு துணியும் அசையவில்லை. சகலை வாயைத் திறந்தபடி நின்றார். திடீரென்று கடைக்கோடியில், பெரியவளின் தலைக்கு மேல், விளக்கு எரிந்தது. சுவிட்சில் ஜட்ஜின் கை. எரிந்த விளக்கைப் பார்த்து அந்தக் கையே வெட்கப்பட்டு மெல்ல இறங்கியது.

அதே சமயம் வாசலில் ஜன்னல் அளவு சொல்ல வந்த ஒரு வாடிக்கையாளர், "அட, ஜட்ஜய்யா," என்று கும்பிட்டார். "எங்க காம்பவுண்டுச் சுவர் கேஸ் ஒண்ணு இருக்குங்க."

திருடன் போய்விட்டான். ஜட்ஜ் நின்றார்.

வாடிக்கையாளர் அளவைச் சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் சகலை மெதுவாகச் சொன்னார்.

"அண்ணே, இது முதல்ல உங்ககிட்டதான் வந்திருக்கு."

ஜட்ஜ் துணியைச் சரிசெய்தார்.

"ஒரு தடவை படிச்சுட்டு இப்படி நடக்க முடியாதுண்ணே. எனக்கும் கொஞ்சம் தொழில் தெரியும். நானா இருந்தா அந்த அலமாரியை உடைச்சிருப்பேன்."

"அதை விடு. உன் முதுகுக்கு இது நல்லது. எடுத்துக்க."

"முதுகை நான் பாத்துக்கறேன். எனக்கு வேண்டாம், நீங்க செய்யுங்க. ஆனா ஒண்ணு, கோவிச்சுக்காதீங்க. கால் திருடிடுச்சு, கை திருடிடுச்சு. மீசை மட்டும் இன்னும் தீர்ப்பு சொல்லிட்டிருக்கு."

ஜட்ஜ் மீசையைத் தொட்டுப் பார்த்தார், யாரோ வைத்துவிட்டுப் போன பொருளைத் தொடுகிற மாதிரி.

இப்படி இரண்டு சகலைகளும் ஒரு வேஷத்தை, பந்தியில் கடைசி இனிப்பைத் தள்ளிவிடுகிற மாதிரி, "நீ எடு, நீ எடு" என்று தள்ளிக்கொண்டிருந்தபோது பெரியவள் கத்தரிக்கோலோடு வந்து நின்றாள்.

"தம்பி, நான்தான் இவருக்கு முடியாதுன்னு சொன்னேன். சும்மா ஆரம்பத்துக்குச் சொன்னேன். அந்த மனுஷன் நிஜமா எடுத்துக்கிட்டு உங்ககிட்ட வந்துட்டார்."

சகலையின் முகம் போன போக்கு சரியில்லை.

"அண்ணி," என்றார், "முந்தாநேத்து பக்கங்களைக் குடுத்துட்டுப் போனார், நேத்து போன் வந்துச்சு. உங்க தங்கச்சிதான் எடுத்தா."

பெரியவள் அந்த நிமிஷமே போனை எடுத்தாள்.

"ஏய், அந்த டைரக்டர்கிட்ட என்ன சொன்னே?"

"என்ன சொல்வேன், முடியாதுன்னேன்," என்றாள் சின்னவள், மறுமுனையில் ஏதோ தாளிக்கிற சத்தத்துக்கு நடுவில்.

"ஏண்டி?"

"இது என்ன கேள்விக்கா? எடுத்த எடுப்புல சரின்னா சரக்கு மட்டம்னு நினைக்க மாட்டானா? நீதானே சொல்லிக்குடுத்தே."

"அவன் என்ன சொன்னான்?"

"சரிங்க மேடம், மன்னிச்சுக்குங்கன்னான். பாவம், தொழிலுக்குப் புதுசு போல. கூப்பிடுவான்."

"கூப்பிட மாட்டான்டி. அவன் வீட்ல முடியாதுன்னா முடியாதுன்னு அர்த்தமாம்."

மறுமுனையில் தாளிப்பு அடங்கியது. "அப்படியும் ஜனங்க இருக்காங்களா?" என்றாள் சின்னவள், நிஜமான ஆச்சரியத்தோடு.

*

டைரக்டரின் ஆபீஸ் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. பெரியவள் படியேறும்போதே சொல்லிப் பழகிக்கொண்டாள். "சரி. ஒத்துக்கறோம்." இரண்டே வார்த்தை. நாக்கில் ஒட்டவில்லை. விலை கேட்காமல் பணப்பையைத் திறக்கிற மாதிரி உடம்பெல்லாம் கூசியது.

டைரக்டர் எழுந்து நின்றார். சின்ன வயசு, சட்டைப் பையில் இரண்டு பேனா.

"வாங்க மேடம். உட்காருங்க. டீ?"

"சரி. ஒத்துக்கறோம்," என்றாள் பெரியவள்.

"டீயா?"

"வேஷம்."

அவர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். "நீங்க 'அவரால முடியாது'ன்னு சொன்னீங்களே. உடம்பு சரியில்லையோன்னு நினைச்சேன். மேல கேட்டா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு விட்டுட்டேன்."

மரியாதை இப்படியெல்லாம் ஆளைக் கவிழ்க்கும் என்று பெரியவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

"இப்ப முடியாதுங்க மேடம்," என்றார் அவர். "வேற ஒருத்தரை வரச் சொல்லிட்டேன். நாளைக்குக் காலையில தயாரிப்பாளர் முன்னாடி செஞ்சு காட்டறார். டீ குடிங்க."

அவள் எழுந்திருக்கவில்லை. கண் சுவரில் இருந்தது. படத்தின் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு போட்டோ ஒட்டியிருந்தது. திருடனுக்கு எதிரே இன்னும் ஜட்ஜின் போட்டோதான். மீசை மேல் யாரோ பிழை அழிக்கிற வெள்ளை மையைத் தடவியிருந்தார்கள்.

"அதை யார் பண்ணினது?"

டைரக்டர் காதைச் சொறிந்தார். "நான்தான். தயாரிப்பாளர், 'இந்த முகத்தைப் பாத்தா ஜனங்க தீர்ப்புக்குக் காத்திருப்பாங்க'ன்னார். மீசை இல்லாமப் பாருங்கன்னு சொல்லிப் பாத்தேன். நம்பல." கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு செய்யலாம். நாளைக்கு இவரும் வரட்டும், மீசை இல்லாம. வாக்குக் குடுக்க மாட்டேன். ரெண்டு பேரையும் பாத்துட்டு முடிவு."

"மீசைமேல ஏதாவது ஒட்டி மறைச்சுக்கிட்டு..."

"மறைச்சா மறைச்ச மாதிரிதான் இருக்கும் மேடம். இன்னொரு டீ?"

தெருவில் நடக்கும்போது பெரியவள் கணக்குப் போட்டாள். மீசையை எடுத்தால் அடுத்த வார ஜட்ஜ் வேஷம் போச்சு. எடுத்த பிறகு நாளைக்குத் தயாரிப்பாளருக்கு மற்றவனைப் பிடித்துவிட்டால் இதுவும் போச்சு. மீசை முளைத்து ஜட்ஜ் ஆகிற வரை மனுஷர் வீட்டில் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருப்பார். அவள் பிறந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. வெட்டிய துணியைத் திருப்பி வாங்க மாட்டார்கள். வெட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

மாடிக்கு ஏறினாள். மூன்றாவது படி கிறீச்சென்றது. கூடத்தில் யாரும் இல்லை. சுவரைப் பார்த்து ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"என்னங்க, கையில இருக்கறதை விடாதீங்க. அந்த மீசையால நாம நல்லாத்தான் இருந்தோம்..."

"யார்கிட்ட பேசறே?"

பின்னால் நின்றார். படி சத்தம் போடவே இல்லை. அவள் திரும்பினாள்.

மீசை இல்லை.

காலண்டரைக் கழற்றிய சுவர் மாதிரி அந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் பார்க்காத ஒரு மேலுதடு. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் இறங்கின பிறகு ஞாபகம் வராத முகம். பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளத் தோன்றுகிற முகம்.

"எப்ப எடுத்தீங்க?"

"நீ படி இறங்கின உடனே."

"அவங்க சரின்னு சொல்வாங்கன்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. கண்ணாடி முன்னாடி செஞ்சு பாத்தேன். மீசை இருந்த வரைக்கும் கை சுவிட்சுக்குப் போகல, மேஜையைத் தட்டத்தான் போச்சு. அந்த ஆளை அந்தச் சுவிட்சு வரைக்கும் கொண்டு போகணும்போல இருந்துச்சு. அவ்வளவுதான்." வெறும் உதட்டைத் தடவிக்கொண்டார். "அவன் என்ன சொன்னான்?"

வாடிக்கையாளரிடம் எதையும் மறைக்கத் தயங்காத பெரியவள் இவரிடம் மறைக்கவில்லை. போட்டோவை, வெள்ளை மையை, நாளைக் காலையை, இன்னொரு நடிகரை எல்லாம் சொன்னாள். "எடுத்த உடனே முடியாதுன்னான்," என்று முடித்தாள்.

அவர் கேட்டுக்கொண்டே நின்றார். ஒரு விநாடி அந்த உதடு நடுங்கியது. மீசை இருந்திருந்தால் தெரிந்திருக்காது.

"உட்காரச் சொன்னானா?"

"சொன்னான்."

"டீ?"

"ரெண்டு தடவை."

"அப்படின்னா உங்க வீட்டு வழக்கப்படி," என்றார், "பேரம் இப்பதான் ஆரம்பிச்சிருக்கு."

அவள் சிரித்துவிட்டாள்.

மூன்றாவது படி கிறீச்சென்றது.

"அண்ணி, சார் இருக்காரா?" பழைய கம்பெனி மேனேஜரின் குரல். "ஜட்ஜ் கவுன் கொண்டுவந்திருக்கேன், போட்டோகிராபர் கீழ நிக்கிறார். போஸ்டருக்கு ஒரே ஒரு படம், அஞ்சு நிமிஷம்."

பெரியவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். காணோம். ஜன்னலுக்குப் போட்டிருந்த பழுப்புத்திரை தரை வரை தொங்கியது. ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. அது அசையாததைப் பார்த்ததும், நாளைக்கு வரப்போகிற அந்த இன்னொரு நடிகரை நினைத்து அவளுக்குக் கொஞ்சம் பரிதாபமாக இருந்தது.

வாசல் பக்கம் திரும்பினாள். வாயில் வந்தது ஒரே வார்த்தைதான். வாழ்க்கையில் முதல் தடவையாக அதை அர்த்தத்தோடு சொன்னாள்.

"முடியாதே."

மேனேஜர் சிரித்தார். பல வருஷமாக இந்த வீட்டுக்கு வந்து போகிறவர், வழக்கம் தெரிந்தவர். கவுனை மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுச் சாவகாசமாக உட்கார்ந்தார்.

"சரி அண்ணி, ஆரம்பிங்க," என்றார். "எவ்வளவு ஏத்தணும்?"